சோறு தின்னாத நாய்

1

தொலைக்காட்சியில் வந்த விஞ்ஞானக் கதைத் தொடர்களைப் பற்றி இம்மாதிரி ஒரு பத்திரிகையில் எழுதுவதற்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கூத்து, சினிமா, ஓவியம் என்று எதைப் பற்றி எழுத ஆரம்பித்தாலும், ஏன் எழுதுகிறேன் என்று ஒரு பக்கம் சமாதானம் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும் என்கிற சம்பிரதாயம் நம்மிடம் இருக்கிறது. கவிதையும் சிறுகதையும் தவிர மற்றதெல்லாம் தீட்டு என்ற எண்ணத்தின் மிச்சம் இது. அந்தப் பக்கத்தை மிச்சப்படுத்தி நேராகக் கேள்விக்கு வருகிறேன். நாயகனுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒருவன் நிற்கிறானே, அவன் எதற்காக நிற்கிறான்?

இந்தக் கேள்வி என்னுடையதல்ல. 1980களில் தூர்தர்ஷன் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரை ஒளிபரப்பியபோது, சாந்தோமில் கச்சேரி ரோடிலிருந்து பிரியும் ஒரு சந்தில், டி.வி. இருந்த ஒரே வீட்டின் கூடத்தில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்போம். தொடர் ஆங்கிலத்தில். அந்த வீட்டுப் பையனுக்கு மட்டும்தான் அந்த ஆங்கிலம் பிடிபடும். அவன் சொல்லச் சொல்ல மற்றவர்கள் கேட்டுக்கொள்வோம். அவனுடைய பாட்டி, கோயில் மணி அடித்தால் எழுந்து போய்விடுகிறவர், மணி அடிக்கும்வரை கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். முதல் கேள்வி: “காது கூரா இருக்கானே, அவன் யாரு பிள்ளை?” பையன் சொன்னான்: அப்பா வேறு கிரகத்து ஆள், அம்மா நம்ம பூமிக்காரி. பாட்டி அதை ஒப்புக்கொண்டார். இரண்டு மூன்று வாரம் கழித்து அடுத்த கேள்வி வந்தது. “எதுத்து எதுத்துப் பேசுறானே, இவனை எதுக்கு வேலையில வச்சிருக்கான் அந்தத் தலைவன்?”

பையனிடம் இதற்குப் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை. அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

‘ஸ்டார் ட்ரெக்’ 1966 செப்டம்பர் முதல் 1969 ஜூன் வரை அமெரிக்காவில் என்.பி.சி. நிறுவனத்தின் வழியாக வந்த தொடர். மொத்தம் 79 பகுதிகள். உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி. கப்பல் தலைவன் கிர்க், அவனுக்கு ஒரு பக்கம் தர்க்கமே உயிரான ஸ்பாக், மறுபக்கம் எதற்கெடுத்தாலும் கொதிக்கிற டாக்டர் மெக்காய். புத்தி, இதயம், நடுவில் செயல் என்று இதைச் சூத்திரமாகச் சொல்லிவிடலாம், பலரும் சொல்லியாகிவிட்டது. சூத்திரம் தப்பில்லை, ஆனால் அதைச் சொல்லிவிட்டால் பார்க்க வேண்டியது மறைந்துவிடுகிறது. இந்த இரண்டு துணைவர்களும் உருவமெடுத்த குணங்களாக மட்டும் இருந்திருந்தால் பாட்டிக்கு எரிச்சல் வந்திராது. தலைவன் ஒன்று செய்ய முடிவெடுக்கும்போது அது ஏன் தப்பு என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். சொல்லிவிட்டு அடுத்த வாரமும் அங்கேயே நிற்கிறார்கள். இதுதான் அவருக்குப் புரியவில்லை.

ஸ்பாக் எப்படி ஸ்பாக் ஆனான் என்பதில் ஒரு சங்கதி இருக்கிறது. தொடருக்கு முதலில் எடுத்த மாதிரிப் பகுதியில், உணர்ச்சி காட்டாமல் தர்க்கம் பேசுகிற இரண்டாம் நிலை அதிகாரி ஒரு பெண். என்.பி.சி. அந்த மாதிரிப் பகுதியை ஏற்கவில்லை. மறுபடி எடுத்தபோது பெண் போய்விட்டாள். அவளுடைய தர்க்கம் மட்டும் ஸ்பாக்கிடம் வந்து சேர்ந்தது. தலைவனை மறுத்துப் பேசும் காரியம் யாரிடம் இருக்கலாம், யாரிடம் இருக்கக் கூடாது என்பதைப் பற்றி அக்காலத்து அமெரிக்க வரவேற்பறைக்கும் கருத்து இருந்திருக்கிறது. மறுப்பைக் கூர்க்காது வைத்த வேற்றுக் கிரகவாசி சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் அது இன்னும் ஒரு படி தள்ளிப்போனதைப் பிறகு பார்ப்போம்.

1967 ஏப்ரலில் வந்த ஒரு பகுதி. ஹார்லன் எல்லிசன் எழுதியது. கடந்த காலத்துக்குள், 1930களின் நியூயார்க்குக்குள், கிர்க்கும் ஸ்பாக்கும் போய்விடுகிறார்கள். அங்கே ஏழைகளுக்குச் சோறு போடுகிற ஒரு பெண்ணைக் கிர்க் நேசிக்கிறான். அவள் ஒரு தெரு விபத்தில் செத்தாக வேண்டும். பிழைத்தால் சரித்திரம் மாறிக் கொடியவர்கள் யுத்தத்தில் ஜெயித்துவிடுவார்கள் என்று ஸ்பாக் கணக்குப் போட்டுச் சொல்கிறான். வண்டி வருகிறது. விஷயம் தெரியாத மெக்காய் அவளைக் காப்பாற்ற ஓடுகிறான். கிர்க் அவனைக் கட்டிப்பிடித்து நிறுத்துகிறான். அவ்வளவுதான். பிறகு மெக்காய் கேட்கிற கேள்விக்குக் கிர்க்கால் பதில் சொல்ல முடிவதில்லை. ஸ்பாக்தான் ஒரு வரியில் பதில் சொல்கிறான்.

இந்தக் காட்சியில் நாயகன் செய்கிற காரியம் என்ன? ஒன்றும் செய்யாமல் நிற்பதும், செய்ய ஓடுகிறவனைத் தடுப்பதும். அந்தச் செயலின்மைக்கு எடை எங்கிருந்து வருகிறது? மெக்காயின் உடம்பிலிருந்து. கிர்க்கின் கைக்குள் திமிறுகிற அந்த உடம்பு இல்லையென்றால் கிர்க் எடுத்த முடிவு ஒரு கணக்கு, அவ்வளவே. துணைவன் மறுப்பதால்தான் நாயகனின் முடிவு முடிவாகிறது. மறுப்பே எழாத இடத்தில் நாயகன் எடுப்பது முடிவில்லை, வெறும் உத்தரவு.

இந்த நியாயத்தை முழுக்கப் புரிந்துகொண்டு ஒரு தொடரை அதன்மீதே கட்டியவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். ‘டாக்டர் ஹூ’ 1963 நவம்பர் 23 அன்று பி.பி.சி.யில் ஆரம்பித்தது. முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். காலத்தில் அலைகிற ஒரு கிழவர், அவர் பேத்தி, பேத்தியின் பள்ளிக்கூட ஆசிரியர்கள் இருவர்: ஒருவர் சரித்திரம், மற்றவர் விஞ்ஞானம். ஆசிரியர்கள் விரும்பி வந்த துணைவர்கள் அல்லர். தன் ரகசியம் வெளியே போய்விடும் என்று கிழவர் அவர்களை அள்ளிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஆதிமனிதர்களின் காலத்தில் போய் இறங்குகிறார்கள். காயம்பட்டுக் கிடக்கிற ஒருவனால் தப்பிப்பது தாமதமாகிறது. கிழவர் ஒரு கல்லைக் கையில் எடுக்கிறார். விஞ்ஞான வாத்தியார் அவர் கையைப் பிடித்துத் தடுக்கிறார்.

பின்னாளில் உலகங்களைக் காப்பாற்றுகிறவன் என்று பெயரெடுத்த நாயகன் இவன்தான். அவன் கதையின் ஆரம்பத்தில், அவன் கையில் ஒரு கல்லும் அந்தக் கையைப் பிடித்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் இருந்தார்கள். நாயகன் துணைவனை அழைத்துக்கொண்டு போகிறான் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் துணைவன்தான் அவனை நாயகனாக்கிக் கொண்டு வருகிறான். அத்தொடர் 1989இல் நின்று 2005இல் மறுபடி உயிர் பெற்றது. 2008இல் வந்த ஒரு பகுதியில் பாம்பெய் நகரம் எரிமலையில் அழிய வேண்டும், சரித்திரம் அது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் கிர்க் நின்ற அதே இடம். துணையாக வந்த டோனா என்ற பெண், லண்டனில் தற்காலிகக் குமாஸ்தா வேலை பார்க்கிறவள், எரிமலையை வெடிக்கவைக்கும் நெம்புகோலில் அவன் கையோடு தன் கையையும் வைக்கிறாள், பாவத்தில் பங்கு. அப்புறம் அழுதுகொண்டு கேட்கிறாள்: எல்லாரையும் வேண்டாம், யாராவது ஒருவரையாவது காப்பாற்று. அவன் திரும்பிப் போய் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறான். மெக்காயால் முடியாதது ஒரு குமாஸ்தாப் பெண்ணால் முடிந்தது.

ஆனால் அதே வருஷம் அவள் கதை எப்படி முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு சந்தர்ப்பத்தில் நாயகனுடைய அறிவு முழுவதும் அவள் மூளைக்குள் வந்துவிடுகிறது. மனித மூளை அதைத் தாங்காது என்று காரணம் சொல்லி, அவள் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சும்போதே, அவன் அவளுடைய ஞாபகத்தை அழித்துவிட்டு வீட்டில் கொண்டுபோய் விடுகிறான். துணை கேள்வி கேட்கலாம், கையைப் பிடிக்கலாம், அழலாம். நாயகனுக்குச் சமமாகிவிடக் கூடாது. மிகவும் தாராளமான தொடருக்கும் இதுதான் எல்லைக்கோடு.

3

நம்மிடம் இதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் உடனே தொல்காப்பியத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. எல்லாம் நம்மிடம் முன்னமே இருந்தது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உற்சாகம் கிடையாது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் பார்த்துத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இருந்ததைவிட அது என்ன ஆயிற்று என்பதுதான் சுவாரசியம்.

அகத்தில் தலைவனுக்குப் பாங்கன் உண்டு. காதலில் கிறங்கிக் கிடக்கிற தலைவனை அவன் கண்டிக்க வேண்டும். அதற்குக் கழறுதல் என்று பெயர். தலைவன் அதை மறுத்துச் சொல்வது கழற்றெதிர்மறை. குறுந்தொகையைப் புரட்டினால் இந்தத் துறையில் நல்ல கவிதைகள் கிடைக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவற்றில் பெரும்பாலும் நம் காதில் விழுவது தலைவனின் பதில்தான். பாங்கன் கழறியது என்ன என்பது கவிதைக்கு வெளியே, துறைக்குறிப்பில், கேட்காத குரலாக நின்றுவிடுகிறது. ஆண்பால் துணைவனின் மறுப்பைப் பதிலிலிருந்துதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

தோழி விஷயம் வேறு. தோழி பேசுகிறாள். தலைவனின் குணத்தைப் பழிக்கிறாள். அதற்கு இயற்பழித்தல் என்று இலக்கணமே இருக்கிறது. இரவில் வராதே என்கிறாள், பகலில் வராதே என்கிறாள், எப்போது கல்யாணம் என்று நெருக்குகிறாள். அகக் கவிதையில் நடைமுறை உலகம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது அவள் வாயில்தான் இருக்கிறது. ஸ்பாக்காக ஆகாமல் போன அந்த அமெரிக்கப் பெண் அதிகாரி இங்கே ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே வேலையில் இருந்திருக்கிறாள்.

கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். திரைக்குப் பின்னால் ராஜா வந்து நின்றதும், நீ யார், எந்த ஊர், இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்கிறான். கதை கேட்கிற கிராமத்துக்கு விவரம் தெரிய வேண்டும் என்பது ஒரு காரணம். ‘டாக்டர் ஹூ’வில் துணையாக வருகிறவர்கள் எந்நேரமும் இது என்ன, அது என்ன என்று கேட்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஆனால் இருக்கிற ராஜாவை யாரென்று கேட்பதில் ஒரு குறும்பும் இருக்கிறது. நீ ராஜா என்று நான் எப்படி நம்புவது? சாந்தோம் பாட்டி கேட்ட கேள்விகள் இந்த வம்சம்.

ஆக, மறுக்கிற துணைவன் நமக்குப் புதியவன் அல்லன். பிறகு என்ன ஆனான்? கம்பனிடம் போனால் விடை கிடைக்கிறது. ராவணனுக்கு இரண்டு தம்பிகள். இருவரும் இடித்துரைக்கிறார்கள். நீ செய்தது தப்பு, அவளைத் திருப்பி அனுப்பிவிடு என்பதே இருவர் பேச்சின் சாரமும். ராவணன் கேட்கவில்லை. வீடணன் எதிர்ப்பக்கம் போகிறான். கும்பகருணன் தப்பென்று தெரிந்தே அண்ணனுக்காக யுத்தத்துக்குப் போய்ச் சாகிறான். ஒரே மறுப்பு, இரண்டு முடிவுகள். கம்பன் இருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பேசவைக்கிறான்; யார் பக்கமும் சாய்ந்து தீர்ப்புச் சொல்லாத பெரிய கவிஞனின் வேலை அது.

தீர்ப்புச் சொன்னவர்கள் நாம். வீடணன் என்பது தமிழில் வசைச் சொல்லாகிவிட்டது. எந்த மேடையிலும் கேட்கலாம். கும்பகருணனுக்கும் கர்ணனுக்கும் நாம் அழுகிறோம். 1964இல் வந்த ‘கர்ணன்’ படத்துக்குப் பிறகு ‘செஞ்சோற்றுக் கடன்’ என்ற சொல் பண்டிதர்களிடமிருந்து ரிக்‌ஷாக்காரர் வரைக்கும் வந்து சேர்ந்தது. சோறு போட்டவன் தப்பே செய்தாலும் அவனுக்காகச் சாக வேண்டும். கோப்பெருஞ்சோழனோடு வடக்கிருக்க, அவனை ஒருநாளும் பார்த்திராத பிசிராந்தையார் வந்து சேர்ந்தார் என்பதைப் பெருமையோடு சொல்கிறோம், பெருமைக்குரியதுதான். ஆனால் துணைவனின் உச்சம் என்று நாம் கொண்டாடுவதெல்லாம் கூடச் சாவதாகவே இருக்கிறது. கழறியதை யாரும் கொண்டாடியதாகத் தெரியவில்லை.

சினிமா மிச்சம் இருந்ததையும் முடித்து வைத்தது. நாயகனுடன் வருகிற நகைச்சுவை நடிகர் அவனைக் கேலி செய்யலாம். கேலி ஒரு வகை மறுப்புத்தான். ஆனால் சிரிப்பு வந்ததும் அது தீர்ந்துபோகிறது. அடுத்த காட்சியில் நாயகன் நினைத்ததையே செய்கிறான். மறுப்பு நகைச்சுவையாகவும் விசுவாசம் மரணமாகவும் இப்படிப் பிரிந்துபோன ஒரு சூழ்நிலையில்தான் ஜீனோ வந்தது.

4

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பின்னர் தூர்தர்ஷனில் தொடராயிற்று. தொடர்ச்சியாக ‘மீண்டும் ஜீனோ’ எழுதப்பட்டது. 2008இல் காலமான சுஜாதாவை எங்கே வைப்பது என்பதில் நம் வட்டத்துக்கு எப்போதும் சங்கடம். குமுதத்திலும் விகடனிலும் எழுதிய அதே மனிதர் கணையாழியின் கடைசிப் பக்கத்தில் வேறு பெயரில் நம்மோடு பேசிக்கொண்டிருந்தார். நடையைப் பாராட்டிவிட்டு மற்றதைப் பற்றி மௌனமாக இருப்பது என்று நாம் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். அந்த ஏற்பாட்டில் சில விஷயங்கள் பார்க்கப்படாமலே போயின. ஜீனோ அதில் ஒன்று.

கதை நடப்பது 2020களில். இன்று அந்த வருஷங்களுக்குள் நாமே வந்துவிட்டோம் என்பதைத் தள்ளிவைப்போம். ஜோசியம் பலித்ததா என்று பார்ப்பது விஞ்ஞானக் கதையைப் படிக்கிற முறை அல்ல. ஜீவா என்கிற சர்வாதிகாரி ஆள்கிறான். பிள்ளை பெறுவதற்கு அரசாங்க அனுமதி வேண்டும். பெயர்கள் இரண்டெழுத்துக்குமேல் கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ என்று மனிதர்கள். ஜீவா என்று ஆள்கிறவன். ஜீனோ என்று ஒரு இயந்திர நாய். இந்தப் பெயர் விஷயம் சுஜாதாவின் சாமர்த்தியங்களில் ஒன்றாகத் தோன்றிவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் அதில் மனிதர்களைக் குறைத்துக் குறைத்து இயந்திரத்தின் அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது. ஒரே வரிசையில் நின்ற பிறகு யார் யோசிக்கிறார்கள் என்பதுதான் கதை.

யோசிப்பது நாய். ஜீனோ புத்தகம் படிக்கிறது, படித்ததை ஆராய்கிறது, கேள்வி கேட்கிறது. கணவன் சிபியைக் காணாமல் தவிக்கிற நிலாவின் வீட்டுக்கு ரவியின் நாயாக அது வருகிறது. ரவியும் மனோவும் ஜீவாவை ஒழிக்கத் திட்டமிடுகிற புரட்சிக்காரர்கள். ஜீவா என்று ஒரு ஆளே இல்லை, ஒளியால் உண்டாக்கிய பிம்பம்தான் என்று பிறகு தெரிகிறது. அதற்கப்புறம் நடப்பது முக்கியம். ரவியும் மனோவும் நிலாவை அரசியாக்கி முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் தாங்கள் ஆளப் பார்க்கிறார்கள். ஒரு பொம்மை போய் இன்னொரு பொம்மை. ஜீனோ தன் எஜமானனை விட்டு நிலாவின் பக்கம் வருகிறது.

வீடணன் செய்த காரியம் இது. தலைவன் தப்பு செய்கிறான் என்று அறிந்து பக்கம் மாறியது. தமிழ் வாசகன் ஆயிரம் வருஷமாக மன்னிக்காத காரியத்தை ஜீனோ செய்தபோது லட்சக்கணக்கான பேர் கைதட்டினார்கள். பிள்ளைகளுக்கு அதன் பெயரைச் சொல்லிக் கொடுத்தார்கள். எப்படி முடிந்தது?

எனக்குத் தோன்றுகிற பதில்: அது சோறு தின்னவில்லை.

தமிழில் நாய் என்றால் நன்றி. ஒரு வாய் சோறு போட்டவனை விட்டுப் போகாத பிராணி என்பது எந்தக் குழந்தைக்கும் தெரியும். ஒருவனை நாயே என்று திட்டுவதும் நாய்க்கு இருக்கிற நன்றிகூட உனக்கில்லை என்று திட்டுவதும் இங்கே ஒன்றாகப் புழங்குகின்றன. அந்த நன்றிப் பிராணியின் தோலுக்குள் சந்தேகப்படுகிற புத்தியைச் சுஜாதா வைத்தார். ஆனால் அது இயந்திரம்; யாரும் அதற்குச் சோறு வைக்கவில்லை; எனவே கடன் இல்லை. கடன் இல்லாததால் துரோகமும் இல்லை. செஞ்சோற்றுக் கடன் என்ற பூட்டைத் திறக்காமல், பூட்டே இல்லாத ஒரு கதவைச் செய்து அதன் வழியாக உள்ளே போய்விட்டார். அமெரிக்காவில் மறுப்பு ஒரு பெண்ணிடமிருந்து வேற்றுக் கிரகவாசிக்குப் போயிற்று என்று மேலே சொன்னேன். இங்கே அது மனிதனை விட்டே போய் இயந்திரத்திடம் சேர்ந்தது.

இயந்திரத் துணைகள் நமக்கு அப்போது புதிதல்ல. ‘ஜயண்ட் ரோபோ’ என்கிற ஜப்பானியத் தொடர் (1967-68, 26 பகுதிகள்) தூர்தர்ஷனில் வந்து பிள்ளைகளைக் கட்டிப்போட்டது. ஒரு பையன் கைக்கடிகாரத்தில் பேசினால் மாபெரும் ரோபோ கீழ்ப்படியும். அவன் குரலுக்கு மட்டும்தான் கீழ்ப்படியும். கடைசிப் பகுதியில் அது பையனின் உத்தரவை முதல்முறையாக மீறுகிறது. திரும்பி வா என்று அவன் கத்திக்கொண்டே இருக்க, எதிரியைத் தூக்கிக்கொண்டு வானத்துக்குப் போய் அழிகிறது. அதன் முதல் சுதந்திரமே அதன் சாவு. கும்பகருணனுக்கு அழுதவர்களுக்கு இதில் அந்நியமாக ஒன்றுமில்லை. ‘டாக்டர் ஹூ’விலும் 1977 முதல் ஒரு இயந்திர நாய் உண்டு, அது எல்லாம் அறிந்தது, எஜமானே என்று அழைப்பது, கேட்டதற்குப் பதில் சொல்வது. நடமாடுகிற அகராதி. இவை இரண்டுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஜீனோ எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது தெரியும். அது சாகவும் இல்லை, அகராதியாகவும் இல்லை, எஜமானனைத் தேர்ந்தெடுத்தது.

தேர்ந்தெடுத்த பிறகு? இங்கேதான் சுஜாதாவோடு எனக்குச் சண்டை. ரவியைச் சந்தேகித்த ஜீனோ நிலாவைச் சந்தேகிப்பதில்லை. கிண்டல் செய்கிறது, திருத்துகிறது, பாடம் சொல்லிக் கொடுக்கிறது, கண்டிப்பதில்லை. விஷயம் கனமாகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஜோக் வந்து கனத்தை இறக்கிவிடுகிறது. அந்த ஜோக்குகளை எழுதியது ஜீனோ அல்ல, வசந்த். சுஜாதாவின் வக்கீல் கதைகளில் கணேஷ் முதலில் தனியாகத்தான் வந்தான். வசந்த் பிறகு சேர்ந்தவன். கணேஷின் தீவிரத்தைச் சமன் செய்ய வந்த வசந்த், சினிமாவில் நாயகனோடு வருகிற நகைச்சுவைக்காரனின் படித்த தம்பி. ஜீனோவின் புத்தி ஒரு தத்துவவாதியுடையது, நாக்கு வசந்தினுடையது. நாக்கு ஜெயித்துவிட்டது. ரவியிடமிருந்து விடுதலை பெற்ற நாய், நிலாவின் காலடியில் பழைய நன்றியுள்ள நாயாகவே படுத்துக்கொண்டுவிட்டது. தனக்கொரு ராமன் கிடைத்ததும் வீடணனுக்குக் கேள்விகள் தீர்ந்துபோனதுபோல.

தொலைக்காட்சி இந்தப் பலவீனத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எழுத்தில் ஜீனோ ஒரு குரல். உருவத்தை வாசகன் போட்டுக்கொள்கிறான், குரல் முன்னால் நிற்கிறது. திரையில் முதலில் தெரிவது நாய். நாய் பேசுகிறது என்பதே வேடிக்கையாகிவிடுகிறது. என்ன பேசுகிறது என்பது இரண்டாம்பட்சம். ஸ்பாக்குக்குக் கூர்க்காது மட்டும்தான் வேடம், மீதி ஒரு நடிகனின் முகம். ஒரு புருவத்தை உயர்த்தி மறுப்புச் சொல்ல அவனால் முடியும். இன்று அந்தத் தொடரைச் சிறுவயதில் பார்த்தவர்களைக் கேட்டால் ஜீனோ நினைவிருக்கிறது என்று முகம் மலர்ந்து சொல்கிறார்கள். அது யாரை விட்டு யாரிடம் போயிற்று, ஏன் போயிற்று என்று கேட்டால் யோசிக்கிறார்கள்.

5

இத்தனையும் எழுதியது தொலைக்காட்சிக்காக மட்டும் அல்ல.

சாந்தோம் என்ற பெயரே ஒரு துணைவனின் பெயர். தோமையார். இப்போதுள்ள கோயில் 1896இல் கட்டி முடித்தது. அதற்கு அடியில் இருப்பது அவருடைய கல்லறை என்பது மரபு. மயிலாப்பூரிலிருந்து கச்சேரி ரோடு வழியாகக் கடற்கரைக்குப் போகிறவர்கள் தினமும் அந்த வெள்ளைக் கோபுரத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சந்தேகி என்றுதான் உலகம் அவரை நினைவு வைத்திருக்கிறது. காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றவர். அதே யோவான் சுவிசேஷத்தில் அதற்கு முந்தி இன்னொரு இடம் இருக்கிறது. ஆபத்தான இடத்துக்குத் தலைவர் கிளம்புகிறார். மற்ற சீடர்கள் தயங்குகிறார்கள். நாமும் போவோம், அவரோடு சாவோம் என்கிறவர் இவர்தான். கூடச் சாகத் துணிந்தவனும் தொட்டுப் பார்க்காமல் நம்பாதவனும் ஒரே ஆள். கும்பகருணன், வீடணன் என்று நாம் இரண்டாகப் பிரித்துவைத்தது அங்கே ஒரு உடம்பில் இருக்கிறது. மரபு சொல்வதை ஒப்புக்கொண்டால், தலைவர் போன பிறகு இவ்வளவு தூரம் கடல் கடந்து வந்து பறங்கிமலையில் செத்தவரும் அவர்தான். கூடவே சாவேன் என்றவருக்குத் தனியாகச் சாகத்தான் வாய்த்தது. தொட்டுப் பார்த்தே நம்புவேன் என்றவர் மற்றவர்களைவிடத் தூரம் நடந்திருக்கிறார். நம்பிக்கை உள்ளவர்களுக்கு இது வேறு விதமாகப் பொருள்படலாம். எனக்கு இது துணைவன் என்ற பாத்திரத்தின் முழு வடிவமாகப் படுகிறது.

நம் வட்டத்தை எடுத்துக்கொள்வோம். இருநூறு முந்நூறு பிரதி அச்சாகிற பத்திரிகை. எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் அநேகமாக ஒரே ஆட்கள். ஒவ்வொரு மூத்த எழுத்தாளரைச் சுற்றியும் நாலு பேர். அவர் வீட்டுக் காப்பியைக் குடித்திருக்கிறோம், அவர் அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்துவந்து திருப்பிக் கொடுக்காமல் இருந்திருக்கிறோம், நம் முதல் கவிதையை அவர்தான் அச்சில் பார்க்க வைத்தார். செஞ்சோறு என்பது இவ்வளவுதான். இதைவிடப் பெரிய கடன் என்ன இருக்கிறது? பிறகு அவர் ஒரு மோசமான நாவலை எழுதும்போது நமக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பேசாமல் இருந்துவிடலாம். கூட்டத்தில் சொல்லாமல் வெளியே டீக்கடையில் ஜோக்காகச் சொல்லலாம். வேறு முகாமுக்குப் போய்விட்டு, அங்கிருந்து கல்லெறியலாம். மூன்றையும் நான் செய்திருக்கிறேன். நான்காவது ஒன்று உண்டு: அவர் எதிரில் உட்கார்ந்து, இது சரியில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் அதே வீட்டுக்குப் போவது. இதை ஒரே ஒருமுறை செய்தேன். அடுத்த வாரம் போனபோது கதவைத் திறந்தார். காப்பியும் வந்தது. நாவலைப் பற்றி இருவருமே பேசவில்லை. அதற்கப்புறம் நான் மறுத்துச் சொன்னதில்லை. அவரும் எதையும் படிக்கக் கொடுத்ததில்லை. தோற்றது யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

விமர்சனம் இங்கே வளரவில்லை என்று முப்பது நாற்பது வருஷமாகக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம். கோட்பாடு போதவில்லை, மேற்கத்திய வாசிப்பு போதவில்லை, கல்லூரிகள் கெடுத்துவிட்டன என்று காரணங்கள் அடுக்கியாயிற்று. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மறுத்துப் பேசுகிறவனை வேலையில் வைத்துக்கொள்ள நம் தலைவர்களுக்கும் தெரியவில்லை. மறுத்துவிட்டு நிற்க நம் துணைவர்களுக்கும் தெரியவில்லை. மறுப்பு என்றால் வெளியேறுவது, இருப்பது என்றால் தலையாட்டுவது என்று நாமே ஒரு இலக்கணம் எழுதிக்கொண்டுவிட்டோம். அதனால்தான் கழறுகிற காரியத்தை ஒரு பாட்டரி நாய்க்குக் கொடுக்கும்படி ஆயிற்று, அதுவும் வெகுஜனப் பத்திரிகையில். நாம் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதால் அது அங்கே போய்ப் பிறந்தது என்றுகூடச் சொல்வேன்.

பாட்டிக்கு அன்று சொல்லத் தெரியாத பதிலை இப்போது சொல்லிவிடலாம். எதிர்த்துப் பேசுகிறவனை அந்தத் தலைவன் வேலையில் வைத்திருப்பது, அவன் பேச்சைக் கேட்பதற்காக மட்டும் இல்லை. பல தடவை கேட்பதும் இல்லை. தான் செய்தது எது என்று தனக்கே தெரிய வேண்டியிருக்கிறது, அதற்காக. பாட்டி இதை ஒப்புக்கொண்டிருப்பாரா என்று நிச்சயமில்லை. “அப்போ சம்பளம் யாரு குடுக்கிறது?” என்று கேட்டிருப்பார். அதுவும் நியாயமான கேள்விதான்.

சுஜாதாவைப் பற்றி நான் சொன்னது அதிகம் என்றோ, கம்பனைப் பற்றிச் சொன்னது குறைவு என்றோ நினைக்கிறவர்கள் அடுத்த இதழுக்கு எழுதலாம். எழுதிவிட்டு வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கும் வரலாம்.